நிகழ்வதைச் சொல்லாத நிகழ்காலம்: ஆங்கிலத்தின் ‘சிம்பிள் பிரசென்ட்’ வடிவமும் தமிழின் ‘செய்யும்’ வாய்பாடும்

1. கேள்வி

தமிழ்வழியே ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி நூல் எதைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஓர் அட்டவணை வந்துவிடும். இடப்பக்கம் ‘ஐ கோ’, ‘யூ கோ’, ‘ஹி கோஸ்’. வலப்பக்கம் ‘நான் போகிறேன்’, ‘நீ போகிறாய்’, ‘அவன் போகிறான்’. மேலே ‘எளிய நிகழ்காலம்’ என்றோ ‘சாதாரண நிகழ்காலம்’ என்றோ தலைப்பு. இரண்டு பக்கம் தள்ளி ‘ஐ ஆம் கோயிங்’, அதற்கு நேராக ‘நான் போய்க்கொண்டிருக்கிறேன்’. பார்வைக்குக் குறையில்லாத ஏற்பாடு.

பேருந்தில் அலுவலகம் போய்க்கொண்டிருப்பவரைக் கைபேசியில் அழைத்து ‘எங்கே இருக்கே?’ என்று கேட்டால் ‘ஆபீசுக்குப் போறேன்’ என்பார். அட்டவணையை நம்பி அதையே ‘ஐ கோ டு ஆபீஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவருக்குக் கிடைப்பது வேறு செய்தி: இவர் அலுவலகம் போகும் வழக்கமுள்ளவர். பேருந்தும் இல்லை, இந்த நிமிடமும் இல்லை. எதிர்மறையில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘ஐ டோன்ட் ட்ரிங்க் காஃபி’ என்பதற்கு அட்டவணை தரும் ‘நான் காபி குடிக்கவில்லை’ என்பது இன்று காலை குடிக்காமல் விட்டவரின் பேச்சு. காபிப் பழக்கமே இல்லாதவர் ‘நான் காபி குடிக்க மாட்டேன்’ என்றோ ‘குடிப்பதில்லை’ என்றோதான் சொல்வார்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். ஆங்கில இலக்கணம் ‘பிரசென்ட்’ என்று பெயரிட்டுள்ள இந்த வடிவம் எந்தக் காலத்தைச் சொல்கிறது? அதற்குத் தமிழில் நேர் நிற்பது ‘-கிறு’ இடைநிலையா, வேறொன்றா?

2. பெயர் வந்த வழி

ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதத் தொடங்கியவர்கள் கையில் இருந்தது லத்தீன் அச்சு. லத்தீனில் நிகழ்கால வினை ஒன்றுதான். இப்போது நடப்பதையும் வழக்கமாக நடப்பதையும் அந்த ஒரே வடிவம் சுமந்தது. அந்தப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றியதில் தொடக்கத்தில் பெரிய பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது.

எண்ணிக்கையில்தான் கருத்து வேறுபாடு. 1653இல் லத்தீன் மொழியிலேயே ஆங்கில இலக்கணம் எழுதிய கணிதவியலாளர் ஜான் வாலிஸ், ஆங்கில வினைக்கு இரண்டே காலங்கள் என்றார். 1795இல் வெளிவந்து பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த லிண்ட்லி மர்ரேயின் நூல் ஆறு காலங்கள் என்றது. நம் பயிற்சி நூல்களின் பன்னிரண்டு கட்ட அட்டவணை மர்ரேயின் வழியில் வந்த பெருக்கம். இருபதாம் நூற்றாண்டு மீண்டும் வாலிஸ் பக்கம் சாய்ந்தது. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் உலகத்துக் காலம் வேறு, வினை வடிவத்தின் காலம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ராண்டால்ஃப் குவெர்க் குழுவினர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும், ஹடில்ஸ்டன், புல்லம் இருவரும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இல்லை என்றே கொள்கின்றன. இறந்தகாலம், அல்லாதது என இரண்டுதான். ஆய்வுலகில் இது இன்று பழைய செய்தி. பன்னிரண்டு கட்டம் மட்டும் வகுப்பறைச் சுவரை விட்டு இறங்கவில்லை.

3. ‘இப்போது’ கைமாறிய வரலாறு

பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் அல்லாத அனைத்தையும் ஒரே வடிவம் கவனித்துக்கொண்டது. இப்போது நடப்பது, தினமும் நடப்பது, நாளை நடக்கப்போவது எல்லாம் அதன் பொறுப்பு. ‘பீ’ வினையோடு ‘-இங்’ சேரும் தொடர்வினைக்கு முன்னோடிகள் அன்றே இருந்தன. ஆனால் அவை கட்டாயமல்ல, அரிதும்கூட.

1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஹாம்லெட்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹாம்லெட் புத்தகமும் கையுமாக வருகிறான். என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கிறார். கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் வாசிப்பைப் பற்றிய கேள்வி அது. இன்றைய ஆங்கிலத்தில் அங்கே ‘-இங்’ இல்லாமல் கேட்க இயலாது. பொலோனியஸ் கேட்பதோ சிம்பிள் பிரசென்டில். அன்றைய அவையில் அது யாருக்கும் உறுத்தியிருக்காது. இதே கேள்வியை இன்று கேட்டால் ‘பொதுவாக என்ன மாதிரிப் புத்தகங்கள் படிப்பீர்கள்?’ என்றாகிவிடும்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் தொடர்வினை பெருகியது. வீடு ‘கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்னும் செயப்பாட்டுத் தொடர்வினை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டியபோது இலக்கணக்காரர்கள் அதை அநாகரிகம் என்று கண்டித்தார்கள். வழக்கம்போல மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்படி ‘இப்போது நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பொருளைப் புதியவர் கைப்பற்றியபின் பழைய வடிவத்திடம் எஞ்சியவை வழக்கம், இயல்பு, பொது உண்மை, நிலை. பெயர் மட்டும் ‘பிரசென்ட்’ என்றே தங்கிவிட்டது.

இந்நகர்வு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஜோன் பைபீயும் அவர் குழுவினரும் 1994இல் பல மொழிகளை ஒப்பிட்டு, தொடர்வினை வளர்ந்து பொதுநிகழ்காலத்தின் இடத்தைப் பிடிப்பதைக் காட்டினார்கள். மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 1998இல் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார். இடமிழந்த பழைய நிகழ்காலம் எங்கே போகிறது? வழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒதுங்குகிறது என்பது அவர் முடிவு. துருக்கி மொழியில் ‘கெலியோர்’ என்றால் வந்துகொண்டிருக்கிறான். ‘கெலிர்’ என்றால் வருவான், வரும் வழக்கமுள்ளவன். பின்னது பழைய வடிவம்.

4. தொல்காப்பியர் சொன்ன ‘செய்யும்’

‘வருவான், வரும் வழக்கமுள்ளவன்’ என்ற இந்த இரட்டைப் பொருள் தமிழருக்குப் புதிதல்ல. ‘அவர் காலையில் வருவார்’ என்றால் நாளைக் காலையா, தினமுமா என்பதைச் சூழல்தான் சொல்லவேண்டும்.

தொல்காப்பியர் காலம் மூன்று என்றே கூறுகிறார். ஆனால் நிகழ்காலத்துக்கு அவர் காட்டும் வடிவம் ‘-கிறு’ அன்று. ‘செய்யும்’ என்னும் வாய்பாடு. நிகழ்காலச் ‘செய்யும்’ முற்று பலர்பாலுக்கும் முன்னிலைக்கும் தன்மைக்கும் வராது என வரையறுக்கிறார். வினையியலில் இன்னொரு நூற்பா நம் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறது: மூன்று காலத்துக்கும் ஒத்த இயல்புடைய பொருளை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் சொல்லவேண்டும். உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் ‘மலை நிற்கும்’, ‘ஞாயிறு இயங்கும்’ போன்றவை. யெஸ்பர்சனின் ‘பொதுமை நிகழ்கால’த்துக்கு ஆங்கில நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகளும் சூரியனும் ஆறும் மலையும்தான் என்பது தற்செயலாக இருக்க வழியில்லை. என்றும் உள்ளதைக் காட்ட அவற்றைவிட நல்ல சாட்சி யாருக்கும் கிடைப்பதில்லை.

சங்கப் பாடல்களில் ‘-கின்று-’ மிக அரிது. பக்தி இலக்கியத்தில் அது பெருகுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் ‘ஆநின்று, கின்று, கிறு’ மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக வகுக்கிறது. முக்காலத்திலும் ஒத்து நடக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்வர் என்ற விதி நன்னூலாசிரியர் பவணந்தியாரிடமும் உண்டு. ஆனால் இடையில் நிகழ்காலத்துக்குப் புதிய உருபுகள் வந்து சேர்ந்துவிட்டன. ‘-உம்’, ‘-வ்-’, ‘-ப்-’ வடிவங்கள் பள்ளி இலக்கணத்தில் எதிர்காலம் என்ற பெயரோடு நின்றுவிட்டன.

என் வாசிப்பில் இது ஆங்கிலத்தில் நடந்த கதையே. புதியது ஒன்று வந்து ‘இப்போது’ என்ற பொருளை எடுத்துக்கொண்டது. பழையது வழக்கத்துக்கும் இயல்புக்கும் நகர்ந்தது. தமிழில் பழையது இன்னும் ஓரடி தள்ளி எதிர்காலத்துக்குள்ளும் போனது. ஆங்கிலத்தில் அந்த இடத்தை ‘வில்’ பிடித்துக்கொண்டதால் அது வாசலோடு நின்றது. ‘-கின்று-’ எங்கிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஆகையால் இதை ஒப்புமை என்று கொள்ளலாமே தவிர, படிப்படியாக நிறுவப்பட்ட வரலாறு என்று கொள்ளக் கூடாது.

ஆனாலும் இன்றைய வழக்கிலிருந்து கிடைக்கும் சான்றுகள் வலுவானவை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். பசு பால் தரும். ரயில் இரவு 9.40க்குப் புறப்படும். இம்மூன்றுக்கும் ஆங்கிலம் சிம்பிள் பிரசென்டைத்தான் கேட்கிறது. நிலைவினைகளைப் பாருங்கள். ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ ஆகியவை ‘-இங்’ ஏற்க மறுப்பவை என்று மாணவர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் அவற்றுக்கு நேரானவை தெரியும், பிடிக்கும், வேண்டும். எல்லாம் ‘-உம்’. ‘எனக்கு அவரைத் தெரிகிறது’ என்றால் தொலைவில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுகிறார் என்று பொருள். அறிமுகம் என்ற பொருளுக்குத் ‘தெரியும்’ என்றே சொல்லியாக வேண்டும்.

எதிர்மறைதான் இவற்றில் மிக உறுதியான சான்று. வழக்கத்தை மறுக்கும் ‘போவதில்லை’, ‘சாப்பிடுவதில்லை’ என்பவற்றில் உள்ள தொழிற்பெயர் ‘போவது’, ‘சாப்பிடுவது’. அதன் இடைநிலை ‘வ்’. நிகழ்காலம் என்று பெயர் பெற்ற ‘போகிறது’ எழுத்து வழக்கில் அங்கே பொதுவாக நுழைவதில்லை. கடந்த கால வழக்கத்துக்கும் இதே வடிவம் வருகிறது: ‘அந்தக் காலத்தில் தாத்தா சந்தைக்கு நடந்தே போவார்.’ இதில் எதிர்காலம் துளியும் இல்லை. தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டுத் தமிழ் இலக்கணமும் எதிர்கால வடிவம் வழக்கப் பொருளைத் தருவதைப் பதிவு செய்கிறது. பயிற்சி நூல்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை.

5. சமன்பாடு உடையும் இடங்கள்

இத்தோடு ‘சிம்பிள் பிரசென்ட் என்பது செய்யும்’ என்று எழுதி முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். சான்றுகள் விடுவதாக இல்லை.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி 1962இல் நூலான உரைகளில், சொல்வதே செயலாகிவிடும் வாக்கியங்களை ஆராய்ந்தார். வாக்குக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, பந்தயம் கட்டுவது, கப்பலுக்குப் பெயர் சூட்டுவது. இவற்றின் அடையாளமாக அவர் சுட்டிய வடிவம் தன்மை ஒருமை சிம்பிள் பிரசென்ட்: ‘ஐ ப்ராமிஸ்’, ‘ஐ அபாலஜைஸ்’. இங்கே வழக்கமும் இல்லை, பொது உண்மையும் இல்லை. வாய் திறந்து மூடுவதற்குள் செயல் நடந்து முடிகிறது. தமிழில் பதவியேற்பவர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்கிறார். ‘உறுதி கூறுவேன்’ என்றால் ஆளுநர் காத்திருக்க வேண்டியதுதான். ஆக இங்கே நேர் நிற்பது ‘-கிறு’.

கிரிக்கெட் வானொலி வர்ணனையும் இவ்வகைதான். பந்துவீச்சாளர் ஓடி வருகிறார், வீசுகிறார், மட்டையாளர் அடிக்கிறார் என்பதை ஆங்கில வர்ணனையாளர் ‘ரன்ஸ் இன்’, ‘போல்ஸ்’, ‘டிரைவ்ஸ்’ என்று சிம்பிள் பிரசென்டில் சொல்வார். அதே மூச்சில், ஆட்டமிழந்தவர் தலைகுனிந்து திரும்பி நடப்பதை ‘இஸ் வாக்கிங் பேக்’ என்பார். இரண்டும் அதே நொடியில் அதே மைதானத்தில் நடப்பவை. வேறுபாடு, பந்தை அடிப்பது சொல்லி முடிக்கையில் முடிந்துவிடும், நடை முடியாது. முழுமையாகக் கண்ணுக்குள் அடங்கும் செயலுக்கு எளிய வடிவம், விளிம்பு தெரியாமல் நீளும் செயலுக்குத் தொடர்வடிவம். தமிழ் வர்ணனையில் நான்கு வினைக்கும் ‘-கிறு’ போதும்; தொடர்ச்சியை அழுத்த வேண்டுமானால் ‘-கொண்டிரு’ சேர்க்கலாம்.

செய்தித் தலைப்பு வேறொரு புதிர். இஸ்ரோ நேற்று அனுப்பிய செயற்கைக்கோளை ஆங்கில நாளேடு ‘லாஞ்சஸ்’ என்று இன்று அச்சிடுகிறது. தமிழ் நாளேடு ‘விண்ணில் பாய்ந்தது’ என்று இறந்தகாலத்தில் முடித்துவிடும். ‘இஃப் இட் ரெயின்ஸ்’ போன்ற நிபந்தனைத் தொடர்களில் வரும் மழையோ இனிமேல் பெய்யவேண்டியது. வழக்கம், சத்தியப் பிரமாணம், நேற்றைய செய்தி, நாளைய மழை எல்லாம் ஒரே வடிவத்துக்குள் எப்படி வந்தன?

இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று, இவ்வடிவத்துக்குத் தனிப் பொருள் இல்லை. இறந்தகாலக் குறியும் தொடர்வினைக் குறியும் இல்லாத வெற்று வடிவம். மற்றவை விட்டுவைத்ததையெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. மற்றொன்று ரோனால்ட் லாங்கக்கருடையது. 2001இல் வெளிவந்த கட்டுரையில் அவர் இது உண்மையான நிகழ்காலமே என்று வாதிட்டார். நிகழ்வு, அதைச் சொல்லும் நேரத்தோடு சரியாகப் பொருந்தி அமைவதே இதன் மையப் பொருள். சத்தியப் பிரமாணமே தூய மாதிரி. வழக்கமும் பொது உண்மையும், பேசும் கணத்தில் மனத்துள் எழுப்பிக்கொள்ளும் கற்பித நிகழ்வுகள் என்பது அவர் விளக்கம்.

லாங்கக்கரின் வாதம் அழகானது. வர்ணனையையும் பிரமாணத்தையும் அது முதல் விளக்கத்தைவிட நன்றாக எடுத்துக் காட்டுகிறது. ஆனால் ‘தண்ணீர் கொதிக்கும்’ என்பதற்கும், ‘மழை பெய்தால்’ என்பதற்கும் கற்பித நிகழ்வுகளை அடுக்கிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. பொலோனியஸின் கேள்வி எப்படி வழக்கொழிந்தது என்பதற்கு அதனிடம் சுருக்கமான விடை கிடைப்பதில்லை. எஞ்சியதைப் பெற்ற வடிவம் என்ற விளக்கம் அந்த வரலாற்றோடு இயல்பாகப் பொருந்துகிறது. நான் அதன் பக்கமே சாய்கிறேன். தமிழ்ச் சான்றும் அதற்கே துணை. ஒரே கருப்பொருள் இருந்திருந்தால் தமிழில் அது ‘-உம்’ பக்கமும் ‘-கிறு’ பக்கமும் இப்படிச் சிதறியிருக்க வேண்டியதில்லை.

தமிழுக்குள்ளேயே எல்லைக்கோடு நேரானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ‘வங்கியில் வேலை பார்க்கிறார்’, ‘மதுரையில் இருக்கிறார்’, ‘நினைக்கிறேன்’, ‘நம்புகிறேன்’ ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலம் சிம்பிள் பிரசென்டையே பயன்படுத்துகிறது. தமிழ் ‘-கிறு’ என்கிறது. ‘தினமும் நடக்கிறேன்’ என்பதும் தவறல்ல. மருத்துவர் சொல்லி அண்மையில் தொடங்கியவர் அப்படித்தான் சொல்வார். இருபது ஆண்டாக நடப்பவர் ‘தினமும் நடப்பேன்’ என்பார்.

6. ‘ஐ ஆம் நோயிங்’: தாய்மொழியின் குற்றமா?

இந்தியர்கள் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று பேசுவதாக நெடுநாள் கேலி உண்டு. நிசிம் எசக்கியேல் இந்திய ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகள் இந்தத் தொடர்வினை மோகத்தை வைத்தே நகைச்சுவை செய்தன. தாய்மொழியின் தலையீடு என்பது வழக்கமான விளக்கம்.

தமிழைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பாதிதான் நிற்கிறது. ‘தெரியும்’ என்பதில் ‘கொண்டிரு’வும் இல்லை, ‘கிறு’வும் இல்லை. தாய்மொழியை அப்படியே பின்பற்றினால் தமிழர் ‘ஐ நோ’ என்று சரியாகவே சொல்லவேண்டும். ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்பது வேறு. ‘கார் வைத்திருக்கிறேன்’ என்பதில் ‘இருக்கிறேன்’ ஒலிக்கிறது. ‘இருக்கிறேன்’ என்றால் ‘ஆம்’ என்று முதல் பாடத்தில் கற்றவர் அதை இங்கேயும் பொருத்துவது எதிர்பார்க்கக்கூடியதே. இது என் ஊகம். ஆனால் ‘நோயிங்’ தமிழிலிருந்து வந்திருக்க முடியாது, ‘ஹேவிங்’ வந்திருக்கலாம் என்ற அளவுக்குப் பிரித்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் தாய்மொழி தலையில் கட்டுவதைவிட மேல். ‘நோயிங்’ பழக்கத்துக்குப் பாடநூல்களும் பொறுப்பு. ‘கோ’வுக்குப் ‘போகிறேன்’ என்று பொருள் தந்துவிட்டால், ‘கோயிங்’குக்கும் பேச்சுவழக்கில் ‘போறேன்’தான் என்று மாணவர் விரைவிலேயே உணர்கிறார். இரண்டும் ஒன்றென்றால் நீளமானது எடுப்பாக இருக்கிறது.

7. வகுப்பறையின் வரிசை

பயிற்சி நூல்கள் எளிய வடிவத்தில் தொடங்கித் தொடர்வடிவத்துக்குப் போகின்றன. எளியது என்ற பெயரே அந்த வரிசையைக் கேட்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் தலைகீழ் வரிசையில் கற்கிறார்கள். ரோஜர் பிரவுன் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973இல் வெளியிட்ட நூலில், பதினான்கு இலக்கணக் கூறுகளின் வரிசையில் ‘-இங்’ முதலாவது. ‘ஹி கோஸ்’ போன்றவற்றின் படர்க்கை ஒருமை விகுதியான ‘-ஸ்’ பத்தாவது இடத்தை ஒட்டி வருகிறது. இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடமும் அவ்விகுதி பிந்தியே நிலைக்கிறது.

அந்த ‘-ஸ்’ ஒரு தனிமரம். முன்னிலைக்கும் பன்மைக்கும் இருந்த விகுதிகள் உதிர்ந்தபின் எஞ்சிய ஒன்று. அதுவும் வடக்கு ஆங்கிலத்திலிருந்து இறங்கி, லண்டனில் ஆண்ட ‘-எத்’ விகுதியைப் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் விரட்டி வந்தது. 1611இன் பைபிள் மொழிபெயர்ப்பு இன்னும் ‘-எத்’ பக்கம்தான். இங்கிலாந்தின் நாரிச் நகரில் பலர் ‘ஷீ கோ’ என்றே பேசுவதைப் பீட்டர் டிரட்கில் 1974இல் ஆராய்ந்து எழுதினார். நம் ஊரில் அதே ‘ஷீ கோ’வுக்கு மதிப்பெண் போகும்.

வகுப்பறை வரிசைக்குத் திரும்புவோம். 1950களில் சென்னை மாநிலத்தில் ‘அமைப்பு முறை’ப் பாடத்திட்டம் வந்தபோது, வகுப்பிலேயே செய்துகாட்டக்கூடியவை முன்னுக்கு வந்தன. ஆசிரியர் கதவருகே நடந்து, நடந்துகொண்டே ‘நடக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார். தொடர்வினை கண்முன் நிற்கும். அந்த அளவில் அது குழந்தைகளின் வரிசையோடு ஒத்துப்போனது. ஆனால் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் ‘நான் நடந்துகொண்டிருக்கிறேன்’ என்று அறிவிக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது. ஹென்றி விட்டோசன் 1978இல் மொழியமைப்பைக் காட்டுவது வேறு, மொழியைப் பயன்படுத்துவது வேறு என்று பிரித்தது இத்தகைய வகுப்புகளை மனத்தில் வைத்துத்தான். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் அமைப்புகளை அடுக்கும் முறையையே கைவிட்டு, பொருளோடு கூடிய பணிகளைக் கொடுத்துப் பார்த்தார். அவர் கொடுத்த பணிகளில் ரயில் கால அட்டவணையும் ஒன்று. ரயில் எப்போது புறப்படும், எப்போது போய்ச் சேரும் என்று மாணவர்கள் கணக்கிடும்போது சிம்பிள் பிரசென்ட் கூப்பிடாமலே வந்துவிடும். தமிழில் அங்கே ‘-உம்’ இருக்கிறது.

இன்று பல தனிப்பயிற்சி வகுப்புகளில் ஆள்வது வேறொரு குறுக்குவழி. வாக்கியத்தில் ‘எவ்ரி டே’, ‘ஆல்வேஸ்’ இருந்தால் ‘-ஸ்’ போடு. ‘நௌ’ இருந்தால் ‘-இங்’ போடு. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்கு இது பெரும்பாலும் பலிக்கும். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் நௌ’ என்ற சாதாரண வாக்கியம் வந்ததும் படுத்துவிடும். ‘ஹி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்’ என்பதிலும் அப்படியே. அங்கே ‘-இங்’தான் எரிச்சலைச் சுமக்கிறது. ‘எப்பப் பார்த்தாலும் புலம்பிக்கிட்டே இருக்கார்’ என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு அந்த வேறுபாடு விளங்காமல் போக நியாயமில்லை. அட்டவணையின் வலப்பக்கத்தில் ‘போகிறேன்’ இருக்கும் இடத்தில் ‘போவேன், போவதில்லை, போவாயா’ என்று எழுதி, பிரமாணம், வர்ணனை, ‘நினைக்கிறேன்’ போன்றவை வரும்போது மட்டும் ‘-கிறேன்’ என்று தனியே சேர்த்தால், விதிவிலக்குப் பட்டியலில் பாதி தேவைப்படாது. ‘-ஸ்’ விகுதிக்கான மதிப்பெண்ணைச் சில மாதம் தள்ளிவைக்கத் தேர்வுத் துறை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு பேச்சு.